தெரியுது என்றவள்

கோவளம்
9-10-1955

மதிப்பிற்குரிய அண்ணன் பஷீருதீன் அவர்களுக்கு, தங்கை பதருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கு நானும் அவரும் மாமியும் மைமூனாவும் ஆண்டவன் அருளால் நலம். உங்கள் நலமும், பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். சைனம்பு மதினிக்கு இருமல் நின்றதா? தூதுவளையைத் துவையல் அரைத்துக் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தீர்களா, மறந்தீர்களா?

மழை இன்னும் பிடிக்கவில்லை. அவர் விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து கருவாடு காயப்போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் குர்ஆன் ஓத வரும் பெண்பிள்ளைகள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். மைமூனாவும் அவர்களோடு உட்காருகிறாள். ஏழு வயதில் அவளுக்கு இருக்கும் வாய் எழுபது வயதில் மாமிக்கு இல்லை.

தமிழ் எழுத்தில் எழுதுகிறேனே என்று யோசிக்க வேண்டாம். அரபுத் தமிழில் எழுதினால் மாமி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் முடிப்பதற்குள் வாசித்துவிடுகிறார். அவருக்கு அரபு எழுத்துத்தான் வரும், தமிழ் எழுத்து வராது. ரகசியம் ஒன்றும் இல்லை. சும்மாதான்.

ஒரு சந்தேகம். ஓத வரும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு செய்யும்போது கையில் தண்ணீர் பட்டது தெரியவில்லை என்றால் அந்த ஒளு கூடுமா? அவள் திரும்பத் திரும்பக் கழுவுகிறாளாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பெரிய பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு எழுதவும்.

வஸ்ஸலாம்.
பதருன்னிசா


செங்கல்பட்டு
17-10-1955

அன்புத் தங்கச்சி பதருன்னிசாவுக்கு, அண்ணன் துஆ செய்து எழுதியது.

நாங்கள் சுகம். உன் மதினியின் இருமல் துவையலுக்குப் பயந்து ஓடிவிட்டது. மச்சானுக்கும் மாமிக்கும் என் ஸலாம். மைமூனாவுக்கு முத்தம்.

ஹஜ்ரத்திடம் கேட்டேன். நான் மார்க்கச் சந்தேகம் கேட்டு அவர் பார்த்ததே இல்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னது இது: தோல் நனைந்ததா என்பதுதான் கணக்கு, நனைந்தது அவளுக்குத் தெரிந்ததா என்பது இல்லை. மூன்று தடவை ஊற்றினால் போதும். அதற்கு மேல் கழுவுவது தண்ணீருக்குத்தான் கேடு.

இனி நான் கேட்கிறேன். எந்தப் பிள்ளை? என்ன வயது? எந்தக் கை? எத்தனை நாளாக? நான் டாக்டர் இல்லை, திருமணி ஆஸ்பத்திரி ஸ்டோரில் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுக்கிறவன்தான். ஆனாலும் பத்து வருஷமாகக் குஷ்டரோகிகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கை மரத்துப்போன கதையைச் சொல்லிவிட்டு, சும்மாதான் என்று எழுதினால் எப்படி? உடனே பதில் போடு.

அண்ணன்
பஷீருதீன்


கோவளம்
2-11-1955

அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஸலாம்.

எல்லோரும் நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, கருவாடெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. மூக்கு இருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே இருக்கிறோம்.

அந்தப் பிள்ளை நான்தான்.

இடது கை. முழங்கைக்குக் கீழே. ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் விரல் நுனியில் எறும்பு ஊறுகிற மாதிரி தொடங்கியது. இப்போது தண்ணீர் ஊற்றினால் கண்ணால் பார்த்துத்தான் நனைந்ததைத் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வாரமாக இடது காலில் செருப்பு நிற்பதில்லை. கழன்று பின்னால் கிடக்கிறது, நான் பத்தடி போய்விடுகிறேன்.

போன மாதம் தோசைக் கல்லைப் பிடித்தபடி அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்தது. தோசை என்று நினைத்தேன். என் விரல். கொப்புளத்தை மாமி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நபி பிறந்த நாள் மௌலூதுக்கு வீட்டில் சோறாக்கினோம் அல்லவா? நாலு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன்தான். நான் உட்காரப் போனபோது மாமி எனக்கென்று ஒரு பீங்கானில் தனியாகப் போட்டு வைத்திருந்தார். "உனக்கு வயிறு சரியில்லன்னியே" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பெண்கள் முட்டாள்களா? மறுநாளே மூன்று பிள்ளைகள் ஓத வரவில்லை. நீங்கள் அனுப்பிய மஸ்கோத்து அல்வாவை மாமி காக்காய்க்குப் போட்டுவிட்டார். திருமணியிலிருந்து வந்தது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் மச்சான் மட்டும் ஒன்றும் கவனிக்கவில்லை. அவருக்கு மழைதான் கவலை.

அண்ணா, இது அதுதானா? உள்ளதைச் சொல்லுங்கள்.

பதருன்னிசா


செங்கல்பட்டு
18-12-1955

தங்கச்சிக்கு, அண்ணன் துஆ.

வீட்டில் எல்லோரும் சுகம். நீ கேட்டு ஆறு வாரமாகிறது, நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். உனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை.

பயந்துபோனேன். அதுதான் காரணம். போன ரஜபில் அங்கே வந்திருந்தபோது மைமூனாவைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், உன் கையால் வாங்கிச் சாப்பிட்டேன். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேனோ என்று ஒவ்வொரு நாளும் ஸ்டோரிலிருந்து வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். உன் மதினி பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்படி தோல உரிக்கிற" என்றாள். அவளிடம் சொல்லி அழுதேன். அழுததை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இனி வேலையைப் பார்ப்போம். ஞானதாஸ் டாக்டரிடம் பேசியிருக்கிறேன். தங்கமான மனுஷன். நீ இங்கே வந்தாக வேண்டும். இதோடு அரபுத் தமிழில் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். உன் மதினிக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு ஒரு வாரம் பதருன்னிசாவை அனுப்பி வைக்கவும் என்று. அதை மாமி கண்ணில் படும்படி வை, அவரே வாசித்துக்கொள்வார். கேளம்பாக்கம் வரை வண்டியில் வந்து நில், பஸ்ஸுக்கு நான் வந்து அழைத்துப் போகிறேன். உன் மதினி கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்புக்காரி. அவளை நோயாளி ஆக்கியதற்கு அவளிடமும் அல்லாவிடமும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

தைரியமாக வா.

பஷீருதீன்


செங்கல்பட்டு
22-1-1956
(அரபுத் தமிழில் எழுதியது)

786

கண்ணியமிகு மாமி சுல்தான் பீவி அவர்களுக்கும், மச்சான் அப்துல் சுபஹான் அவர்களுக்கும், தங்கை பதருன்னிசாவுக்கும் பஷீருதீன் ஸலாம் கூறி எழுதும் சந்தோஷ சமாசாரம்.

இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் எல்லோருடைய க்ஷேமத்துக்கும் இறைஞ்சுகிறோம். சைனம்பு பூரண குணம் அடைந்தாள்.

தங்கை இங்கு வந்திருந்தபோது, கையில் ஏதோ மதமதப்பு என்று சொன்னபடியால், நம் ஆஸ்பத்திரி டாக்டர் ஞானதாஸ் அவர்களிடம் காட்டினேன். மாமி அவர்களிடம் முன்கூட்டிக் கேட்காதது என் தவறு, பொறுத்தருள வேண்டும். டாக்டர் அவர்கள் ஒரு மணி நேரம் சோதித்து, தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, நேற்று முடிவு சொன்னார்கள். இது அந்த வியாதி அல்ல. இருபத்தைந்து வருஷம் அந்த வியாதியையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் வாயால் சொன்ன வார்த்தை.

அல்ஹம்துலில்லாஹ். தெருவில் யார் என்ன கேட்டாலும் மாமி அவர்கள் இக்கடிதத்தை வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு
பஷீருதீன்


கோவளம்
19-2-1956

அண்ணன் அவர்களுக்கு, தங்கை ஸலாம் சொல்லி எழுதுவது.

நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதத்தை மாமி தெரு முழுக்க வாசித்துவிட்டார். கடைசியில் மனப்பாடமே ஆகிவிட்டது, தாள் இல்லாமல் சொல்கிறார். வராமல் நின்ற மூன்று பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மாமி என்னைக் கூப்பிட்டுத் தன் தட்டில் உட்காரவைத்து, தன் கையால் கறித்துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தின்றேன்.

உங்கள் மச்சானுக்கு ரொம்ப சந்தோஷம். கை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "அதான் டாக்டரே ஒன்னும் இல்லன்னுட்டாரே, அப்புறம் இன்னா" என்று அவரே சொல்லிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்.

அரபுத் தமிழில் வந்த கடிதம் எல்லோருக்குமானது. எனக்கென்று தமிழில் ஒன்று வரும் என்று நாலு வாரமாகத் தபால்காரரைப் பார்த்தேன். வேலையாக இருந்திருப்பீர்கள். டாக்டர் வேறு ஏதாவது சொன்னாரா?

உடம்புக்குக் குறைவில்லை.

பதருன்னிசா


செங்கல்பட்டு
27-2-1956

தங்கச்சிக்கு, அண்ணன் துஆ.

எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியது கண்டு மகிழ்ச்சி. மாமி கறித்துண்டு தள்ளினாரா? உன் கல்யாணத்துக்குக்கூட அவர் எலும்பைத்தானே தள்ளினார்.

டாக்டர் சொன்னதைத்தான் எழுதிவிட்டேனே. கண்டதையும் நினைத்துக்கொண்டிராதே. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நோன்பு வருகிறது, அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்.

மதினி ஸலாம் சொன்னாள்.

பஷீருதீன்


கோவளம்
30-3-1956

மதிப்பிற்குரிய ஐயா பஷீருதீன் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாயிருப்பீர்களென்று நம்புகிறேன். என் பெயர் மார்கரெட். இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராயிருக்கிறேன். உங்கள் தங்கை வீட்டுக்குப் பின்புறம்தான் நான் குடியிருக்கிறேன், இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று. உங்கள் தங்கைக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். விலாசம் மைமூனா சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் கிணற்றடியில் விழுந்துவிட்டார்கள். நான்தான் தூக்கினேன். வழுக்கிவிட்டதா என்றேன். இரண்டு வாளி தெரிந்தது, இல்லாத வாளியைப் பிடிக்கப் போனேன் என்றார்கள். பத்து நாளாக எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். வீட்டில் சொன்னீர்களா என்றேன். சொல்லி என்ன என்றார்கள்.

ஐயா, அவர்கள் ஓதிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வந்தால் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். மைமூனாவைப் பக்கத்தில் படுக்கவிடுவதில்லை, தன் தட்டில் கைவைக்க விடுவதில்லை. பிள்ளை என்னிடம் வந்து, "அம்மாவுக்கு என்ன புடிக்கல டீச்சர்" என்று அழுகிறது. அவர்கள் மாமியார், "டாக்டரு ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாரு, இவ இன்னாத்துக்கு இப்படி ஆடிக்கினு கீறா" என்று என்னிடமே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

ஒன்றும் இல்லையென்று சொன்ன பிறகு ஏன் பிள்ளையைத் தொடப் பயப்படுகிறார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து எழுதினேன். தவறானால் மன்னிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள
ஜே. மார்கரெட்


செங்கல்பட்டு
3-4-1956
(கார்டு)

தங்கச்சிக்கு துஆ.

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே. உடம்புக்குக் குறைவில்லை என்று எழுதினாயே, எனக்கா எழுதினாய்? கார்டில் இதற்கு மேல் முடியாது. உறை போட்டு, ஒட்டி, எல்லாவற்றையும் எழுது. இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

பஷீருதீன்


கோவளம்
11-4-1956

அண்ணன் அவர்களுக்கு, பதருன்னிசா ஸலாம்.

நாளை மறுநாள் நோன்பு. உங்கள் எல்லோருக்கும் ஆண்டவன் பலம் தரட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதை எழுதுகிறேன், அப்போதுதான் வரி ஒன்றாக இருக்கிறது. கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோன்புக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். நான் டாக்டரிடம் பொய் சொன்னேன்.

நீங்கள் வெளியே நின்றீர்கள். உள்ளே நர்சம்மாவும் அவரும் நானும். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தெரிந்தால் தெரியுது என்று சொல்லு, தெரியாவிட்டால் தெரியல என்று சொல்லு என்றார். "தெரியுதா?" என்றார். ஒன்றுமே தெரியவில்லை அண்ணா. மைமூனா ஞாபகம் வந்தது. தெரியலை என்று சொன்னால் அடுத்த அறையில் குஷ்டரோகிகள் ஏட்டில் பேர் எழுதிவிடுவார்கள், பிள்ளையை இனித் தொட முடியாது என்று நினைத்தேன். "தெரியுது" என்றேன். அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் தெரியுது, தெரியுது என்றேன். இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். பொய் சொல்வது ஹராம் என்று பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

பரீட்சை பாஸாகிவிட்டது. நீங்கள் சந்தோஷக் கடிதம் போட்டீர்கள். மாமி தெருவெல்லாம் வாசித்தார். ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். என் பொய்யை அல்லவா வாசிக்கிறார். அவர் தன் தட்டில் என்னை உட்காரவைத்தபோது எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. எழவில்லை. தின்றேன். இத்தனை மாதம் மாமி, மைமூனா, அந்தப் பிள்ளைகள் எல்லோரோடும் புழங்கிவிட்டேன். கண் இரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் இது உள்ளுக்குள் ஏறிக்கொண்டு வருகிறது என்று பயம் பிடித்தது. அன்றிலிருந்து யாரையும் தொடுவதில்லை.

யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. வியாதி என்றால், அதான் இல்லையே என்கிறார்கள். இல்லையென்று சொல்லவைத்தவளே நான்.

அந்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். பேர் எழுதச் சொல்லுங்கள். மைமூனாவுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டும்.

பாவியான
பதருன்னிசா


செங்கல்பட்டு
16-4-1956

என் அருமைத் தங்கச்சிக்கு, அண்ணன் ஸலாமும் துஆவும்.

உன் கடிதம் ஸ்டோருக்கே வந்தது. வாசித்துவிட்டு பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பிறகு நேரே டாக்டரிடம் போனேன், நோன்பு வாயோடு. நீ எழுதியதைச் சொன்னேன். அந்த மனுஷன் சிரித்தார்.

"உன் தங்கச்சி பதில் சொன்ன வேகத்தைப் பார்த்து, நடுவிலே நான் கையையே எடுத்துட்டேன் பாய். தொடாமலே தெரியுதான்னு கேட்டேன். அப்பவும் தெரியுதுன்னாங்க. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை."

அன்றைக்கே சீட்டில் அதை எழுதி வைத்திருக்கிறார், என்னிடம் காட்டினார். நோயாளி பயத்தில் இருக்கிறார், சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது என்று. உன் வாயை நம்பி அவர் முடிவு சொல்லவில்லை. காது மடலிலும் கையிலும் தோலைச் சுரண்டிப் பார்த்தார் அல்லவா, அதில் கிருமி இல்லை. முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார், தடிக்கவில்லை. நர்சம்மா உடம்பு முழுக்கத் தேடினார், ஒரு தேமல்கூட இல்லை. ஆகவே அந்த வியாதி நிச்சயமாக இல்லை. உன் பொய்யோடும் இல்லை, உன் பொய் இல்லாமலும் இல்லை. மைமூனாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்கவை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் செய்.

செய்தாயா? இனி என்னுடையதைக் கேள்.

டாக்டர் அன்று இரண்டு வாக்கியம் சொன்னார். நான் ஒன்றைத்தான் எழுதினேன். இது அந்த வியாதி இல்லை என்பது முதல் வாக்கியம். "ஆனால் நரம்பிலே வேற என்னவோ இருக்கு, எனக்குப் பிடிபடலை, சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டு" என்பது இரண்டாவது. அந்த ஆனாலை மாமிக்கு எப்படி வாசிக்கக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன். தனியாக உனக்குத் தமிழில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்து எடுத்து வைத்தேன். அதற்குள் நீ மறுபடி அந்த வீட்டோடு சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்தது. கெடுக்க மனம் வரவில்லை. நீ வேறு ஏதாவது சொன்னாரா என்று நேராகவே கேட்டாய். நான் கறித்துண்டைப் பற்றிக் கிண்டல் எழுதினேன். நீ பயத்தில் பொய் சொன்னாய். நான் சந்தோஷத்தில் பொய் சொன்னேன். மூன்று மாதம் உன்னைத் தனியாக விட்டது என் பொய்தான். என்னை மன்னித்துவிடு.

இதோடு அரபுத் தமிழில் ஒரு தாள் இருக்கிறது. இந்தத் தடவை இரண்டு வாக்கியமும் இருக்கின்றன. நீ வாசித்துக் காட்டாதே. மாமி கையில் கொடுத்துவிட்டு நில்.

உன் அண்ணன்
பஷீருதீன்


கோவளம்
24-6-1956

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை பதருன்னிசா ஸலாம்.

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று வழக்கமாக எழுதும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? மதினிக்குப் பெருநாள் சேலை பிடித்ததா என்று எழுதவேயில்லை.

உங்கள் தாளை மாமி இரண்டு தடவை வாசித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை. நோன்பு முழுக்க அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து அவர் வந்து நின்றபோது மாமி, "கருவாடு எங்கியும் போவாது. இவள மெட்ராசுக்கு இட்டுனு போ" என்றார். அவ்வளவுதான்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அன்றைக்குத் தலை தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய டாக்டர் வந்தார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சை எடுத்தார். உங்கள் மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியுதா?"

என் வாயில் பழைய பதில் தயாராக வந்து நின்றது. விழுங்கினேன். "தெரியல" என்றேன். மறுபடி கேட்டார். தெரியல. முழங்கைக்கு மேலே ஒரு இடத்தில் தெரிந்தது, அதைச் சொன்னேன். பாதத்தில் கேட்டார், தெரியல. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. ஆனால் நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. கண்ணைத் திறந்தபோது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னோடு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்துகிறவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசி நாள் அவர் அந்த டாக்டரிடம் இது என்ன வியாதி என்று கேட்டார். டாக்டர், "இப்போதைக்குத் தெரியலப்பா" என்றார். நரம்பில் இருக்கிறது, ஒட்டாது, அது நிச்சயம். சில பேருக்குத் தானாக விலகும், சில பேருக்குத் திரும்பி வரும். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அதற்குள் கண் மறுபடி கெட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். பேர் வைக்க அவசரப்பட மாட்டேன் என்றார். அவ்வளவு படித்தவர் தெரியல என்று கூச்சமில்லாமல் சொன்னார் அண்ணா. அதனால்தான் ஒட்டாது என்று சொன்னதையும் நம்பினேன்.

கண் இப்போது ஒன்றாகிவிட்டது. இரண்டு கண்ணையும் திறந்துதான் இதை எழுதுகிறேன். கை அப்படியே இருக்கிறது. கால் சில நாள் சொன்னபடி கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. திரும்பி வருமா என்று ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஒன்றாகத் தெரிகிறதா என்று சுவரைப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளின் தாய்மாரை ஒரு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாமி தடுக்கவில்லை. அந்த வியாதி இல்லை, இருப்பது என்னவென்று டாக்டருக்கும் தெரியவில்லை, ஒட்டாது என்று மட்டும் சொன்னார், மனசு ஒப்பினால் அனுப்புங்கள் என்றேன். "பேரே இல்லாத சீக்கு எப்படி ஒட்டாதுன்னு தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். பதினோரு பேரில் ஐந்து பேர் வருகிறார்கள். போன தடவை பொய்யில் பதினோரு பேர் வந்தார்கள். இந்த ஐந்து பேருக்குத் தலை நிமிர்ந்து ஓதிக்கொடுக்கிறேன்.

அவரைப் பற்றி எழுத வேண்டும். சென்னையிலிருந்து திரும்பி, கேளம்பாக்கத்தில் இறங்கி வண்டிக்கு நிற்கும்போது, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். "நீங்க கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிக்கினு போய்ட்டீங்க" என்றேன். வண்டி வரும் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து கரைக்குப் புறப்படும் முன்னால் தினமும் கேட்கிறார். கேட்டுவிட்டுப் போகாமல் நிற்கிறார். மீன்காரர்கள் காத்திருந்தாலும் நிற்கிறார். நானும் உள்ளதைச் சொல்கிறேன்.

இன்று காலையிலும் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியுதா என்று கேட்டார். பாதி தெரியுது என்றேன்.

"எந்தப் பாதி?" என்றார்.

வஸ்ஸலாம்.
பதருன்னிசா